சேரிக்கு ஒரே நாற்காலி

வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாடகம் போட, மேடைமேல் ஒரு நாற்காலியை இழுத்தார்கள். அந்தக் கரகர சத்தத்தில் எழுபது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது ராயபுரம் சேரியில் இருந்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எங்கள் ஆட்களே பொங்கலுக்கு நாடகம் போடுவார்கள். என்னைப் பெற்ற நைனாதான் ராஜா. முகமெல்லாம் அரிதாரம், அதில் வியர்வை கலந்த வாசனை. சேரிக்கே இருந்த ஒரே நாற்காலிதான் சிம்மாசனம்.

அன்று பாதி நாடகத்தில் மேஸ்திரி வந்து நின்றார். நாளைக்கு யாருக்கு வேலை என்று தீர்மானிப்பவர். அவர் எதிரில் நைனா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“இன்னா மச்சான், மேஸ்திரி நின்னுகினு கீறாரு. எந்திரி, நாற்காலிய எறக்கலாம்” என்று மந்திரி வேஷத்திலிருந்த மாமா கிசுகிசுத்தார்.

நைனா அசையவில்லை. “மந்திரி! நமது சபைக்கு வந்தவருக்குப் பாய் விரியும்!” என்றார்.

அப்படியொரு குரலை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. மாமா இறங்கி வந்து பாய் விரித்தார். மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, நைனாவை அண்ணாந்து பார்த்தார்.

“ஆயா, தரையில ஏன் குந்திகினு கீற? சேர் போடறேன்” என்றாள் வியாசர்பாடி மேடையிலிருந்து இறங்கி வந்த பெண்.

“வேணாம் கண்ணு” என்றேன். “ராஜாவ இங்கேர்ந்துதான் பாக்கணும்.”