அக்காவுக்கு ஒரு படம்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த அம்மா, உள்ளேயிருந்தே, "வந்துட்டா" என்றாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கிய பகல் வெளிச்சத்தில், திரையில் வரைந்த படிக்கட்டுக்கும் வரைந்த தாமரைக் குளத்துக்கும் முன்னால், இறந்துபோன அக்காவின் பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். காலையில் அம்மாவோடு பேச்சாவில், சைக்கிள் ரிக்‌ஷாவில், ஒட்டி உட்கார்ந்து வந்தவள் நான். இப்போது புதிதாக யார் வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பார்க்கவில்லை.

என் தம்பி மகளுக்கு இப்போது பழைய கேமராப் பைத்தியம். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளுகிறவள், போன மாதம் ஏதோ பழைய சாமான் கடையில் ஒரு பெட்டிக் கேமராவை வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, மலாக்காவில், புக்கிட் பாருவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் சின்னச் சதுரக் கண்ணாடியில் எதிரே நிற்பவர் தெரிவார். "ஃபிலிம்ல எடுத்தாத்தான் அத்தை படத்துக்கு உயிர் இருக்கு" என்றாள். அதுதானே எனக்குப் பயம் என்று சொல்ல வாயைத் திறந்து நிறுத்திக்கொண்டேன். பாருங்களேன் என்று கேமராவை நீட்டினாள். இடுப்பு வலி என்று சாக்குச் சொல்லி நான் குனியவில்லை.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரு மழை மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தவள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் அவள் பாவாடை இருந்தது, சிலேட்டு இருந்தது, அவள் தலை வாரிய சீப்பு இருந்தது. முகம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் காரணம் இல்லாமல் யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணம் ஒரு காரணம், அதை விட்டால் ஐசி. கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்ததால் பன்னிரண்டு வயதானவர்கள் எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருந்தாக வேண்டும். அக்காவுக்கு அந்த வயது வரவே இல்லை. அரசாங்கம் கேட்காத முகத்தை நாங்களும் எடுத்து வைக்கவில்லை. சில மாதங்களில் அம்மாவுக்கு அக்காவின் முகம் கலைய ஆரம்பித்தது. அடுப்படியில் கரண்டியோடு நின்று, "மூக்கு எப்படி இருக்கும், சொல்லு" என்று என்னைக் கேட்பாள். "உன்ன மாதிரிதான்" என்று அவளே சொல்லிக்கொண்டு, என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவாள்.

சாயல் இருந்தது. ஆனால் ஏழு வயது முகத்திலிருந்து ஒன்பது வயது முகத்தை எடுக்க முடியாது. அதனால் அம்மா காத்திருந்தாள். தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூட விடுமுறை என்று ஏதாவது ஒரு நாளில் பெட்டியைத் திறந்து, அந்தப் பச்சைப் பாவாடையை என் இடுப்பில் வைத்துப் பார்ப்பாள். கரை தரையில் புரளும். "இன்னும் கொஞ்சம்" என்று மடித்து உள்ளே வைத்துவிடுவாள். என் சாப்பாட்டில் தனிக் கவனம் வந்தது. மீன் துண்டு பெரிதாக விழும். தம்பி சிணுங்கினால், "அவ வளரணும்டா" என்பாள். மற்றப் பிள்ளைகள் தங்களுக்காக வளர்ந்தார்கள், நான் அக்காவின் அளவுக்கு வளர்ந்துகொண்டிருந்தேன். அந்த அளவு வந்ததும் அக்கா என்னை எடுத்துக்கொண்டுவிடுவாள், அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான் என்று உள்ளுக்குள் நம்பினேன். குளிக்கும் அறையில் கதவோரம் நின்று, தாழ்ப்பாளோடு என் உயரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பேன். தாழ்ப்பாள் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பாவாடைக் கரை என் கணுக்காலில் வந்து நின்றது, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடத்தில். ஊர் முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். ஜாலான் பெண்டஹாரா பக்கம் இருந்த அந்தச் சீனர் ஸ்டூடியோவில், குடியுரிமைப் பாரத்துக்குப் படம் எடுக்க வந்தவர்கள் கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டூடியோ முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா தனக்குத் தெரிந்த உடைசல் மலாயில் சொன்னாள். இது சின்னது. படம் பெரியதற்கு. பெரியது இல்லை. அதற்குமேல் அவளிடம் வார்த்தை இல்லை. தவுக்கே புரிகிறது என்று தலையை ஆட்டினார். ஜப்பான்காரன் காலத்தில் காணாமல் போனவர்களுக்காக, கூடப் பிறந்தவர்களை உட்கார வைத்து எடுத்த படங்கள் அவர் இனத்தார் வீடுகளில் உண்டு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எனக்கு எப்போதும் இடப்பக்க வகிடு. அம்மா அதை அழித்துவிட்டு, அக்காவுக்குப்போல் வலப்பக்கம் எடுத்துச் சீவினாள். தவுக்கே மரக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் போய் வந்து, அம்மாவையும் பார்க்கச் சொன்னார். அந்தக் கேமராக்களில் பின்பக்கக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். அப்படித் தலைகீழாகத் தொங்கிய பெண்ணைப் பார்த்துத்தான் அம்மா "வந்துட்டா" என்றாள். துணியை விலக்கி வெளியே வந்தபோது அவள் முகம் வேர்த்திருந்தது. என்னை அவள் பார்க்கவில்லை. உள்ளே இருப்பவள் போய்விடக்கூடாது என்பதுபோல் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தவுக்கே கேமராவின் ரப்பர் பந்தை அழுத்திப் படம் எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், என் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பயந்த பிள்ளைக்கு எதுவும் கேட்கும் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முடிந்ததும் தவுக்கே என்னைக் காட்டி, இவளுக்கு ஒன்று வேண்டாமா என்று கேட்டார். "இவளுக்கு எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். இருக்கிறாளே" என்றாள் அம்மா, தமிழில். அவருக்கு அது புரிந்திருக்காது. என் முகம் புரிந்திருக்க வேண்டும். இன்னொரு ஃபிலிமைச் செருகினார். இந்தத் தடவை துணிக்குள் போகவில்லை. என் கண்ணைப் பார்த்து, "இப்போது நீ" என்று மலாயில் சொல்லிவிட்டுப் பந்தை அழுத்தினார். அதே பாவாடை, அதே வகிடு, அதே குளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். அந்த இரண்டாவது படம் சின்னதாக, அட்டையில் ஒட்டி எனக்குக் கிடைத்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எடுத்த கையோடு படத்தைப் பார்க்கிறார்கள், பிடிக்காவிட்டால் அழித்துவிடுகிறார்கள். அப்போதெல்லாம் எடுத்த முகம் இருட்டுக்குள் போய்விடும். கழுவி வரும்வரை அது அங்கே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு தவுக்கே சொல்லியனுப்பினார். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தைத் திருத்துவது ஸ்டூடியோக்களில் வழக்கம். தழும்பை மறைக்க, தோலை வெளுப்பாகக் காட்ட எல்லாருக்கும் செய்வதுதான். அம்மா கேட்டது வேறு. மாதிரிப் படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் என் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். இங்கே இவ்வளவு சதை கிடையாது. புருவம் இங்கே முடியாது, இன்னும் போகும். மேலுதடு இப்படி இருக்கும். அவள் விரல் என் முகத்தின்மேல் எனக்குச் சம்பந்தமில்லாத கோடுகளைப் போட்டது. தவுக்கே திருத்துவார். அம்மா பார்த்துவிட்டு, "புக்கான்", இது இல்லை, என்பாள். மறுபடி போவோம். அடுப்படியில் என்னிடம் மூக்கைக் கேட்டு நின்றவளுக்கு, அந்தப் பென்சில் நகர நகர எல்லாம் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு நாள், படத்தை வாங்கிப் பார்த்தவள் திருப்பிக் கொடுக்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அங்கே அழுதாள்.

படம் கூடத்துச் சுவரில் ஏறியது. பொட்டு வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தினாள். நகராண்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வேலை முடிந்து வந்து அண்ணாந்து பார்த்தார். "நம்ம சின்னதுல்ல இது. உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போட்டிருக்கியே" என்றார். "நல்லா பாருங்க" என்றாள் அம்மா. அவர் பார்க்கவில்லை. கடைசிவரை அந்தச் சுவர்ப் பக்கம் குனிந்துகொண்டேதான் நடந்தார். எங்களுக்குப் பக்கத்தில் மலாக்காச் செட்டிகள் குடியிருந்த கம்போங். கும்பிடுவது நம் சாமிகளை, வீட்டில் பேசுவது மலாய். அங்கிருந்து வந்துபோகும் ஓர் அம்மாளை நாங்கள் மலாயில் மக்சிக், அத்தை, என்று கூப்பிடுவோம். பொங்கலுக்கு முதல் நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை வெளியே காத்திருக்கிற குடும்பம் அது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு மலாயில் அம்மாவிடம், "எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீ தங்குவதற்கு முகம் கொடுத்துவிட்டாய். இனி எப்படிப் போவாள்?" என்று கேட்டார். அம்மா அவருக்குக் காப்பி கலக்கப் போய்விட்டாள். போகக்கூடாது என்பதுதானே அவள் விருப்பம்.

அதற்குப் பிறகு அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பவில்லை. மீன் துண்டும் பழையபடி சின்னதானது. நான் பயந்ததுபோல் அக்கா என்னை எடுத்துக்கொள்ளவில்லை, அம்மாவை எடுத்துக்கொண்டாள். எனக்குப் பின்னல் போடும்போதும் அம்மா பேசுவது சுவரோடுதான். எனக்குப் பத்தாகிப் பதினொன்றாகி முகம் நீண்டது. சுவரில் இருந்தவள் ஒன்பதிலேயே நின்றாள். பன்னிரண்டு வயதில் ஐசி படத்துக்காக அதே ஸ்டூடியோவுக்குப் போனோம். தவுக்கே துணிக்குள் தலையை விட்டவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம், "இன்றைக்கு ஓர் ஆள்தான்" என்றார். ஐசி படத்தில் ஒருவர்தான் இருக்க வேண்டும், அதைத்தான் சொல்லியிருப்பார். அம்மா மட்டும் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா போன பிறகு அந்தப் படத்தை இறக்கியவள் நான்தான். மாலையைக் கழற்றி, பொட்டைத் துடைத்து, என் அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டேன். "அக்கா படத்த ஏன் எடுக்குற?" என்று தம்பி சண்டைக்கு வந்தான். "அது அக்கா இல்ல, நான். எனக்கு மாலை போட்டு இத்தன வருசம் கும்பிட்டிருக்கீங்க" என்றேன். என் முகம், என் அலமாரி, விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் கேமராவோடு வந்த தம்பி மகள், பழைய படங்களையெல்லாம் கைப்பேசியில் ஏற்றித் தருகிறேன் என்று அந்த அலமாரியைக் கிளறினாள். முகம் பார்த்து ஆள் வாரியாகக் கைப்பேசியே பிரித்துவிடுமாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். என் வட்டத்தைத் தட்டிக் காட்டினாள். பள்ளிக்கூடப் படத்தில் கடைசி வரிசையில் பாதி மறைந்த நான், ஐசியில் முறைக்கிற நான், நரைத்த தலையோடு போன தீபாவளிக்குச் சிரித்த நான். அட்டையில் ஒட்டிய அந்த இரண்டாவது படமும் பச்சைப் பாவாடையோடு அதில் இருந்தது. பெரிய படம் எங்கே என்று கேட்டேன். அவள் தேடினாள். தனியாக ஒரு வட்டத்தில் அந்த ஒரே படம் இருந்தது. கீழே பெயர் கேட்டிருந்தது. "இது வேற ஆளாம் அத்தை. உங்கள மாதிரியே இருக்காங்களே, யாரு?" என்றாள்.

பென்சில் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் பென்சிலை ஓட்டியது அம்மாவின் விரல். இது இல்லை, இது இல்லை என்று அவள் என் முகத்தை வேண்டாம் என்று தள்ளியதாகவே அத்தனை காலமும் நொந்துகொண்டிருந்தேன். அவள் செய்தது, படத்திலிருந்து என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்ததுதான். நான் முழுக்க வெளியே வந்த பிறகு உள்ளே மிச்சம் இருந்தவள் அக்கா. அம்மா எனக்கு ஒரு நாளும் மாலை போடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கான்னு எழுது" என்றேன். தம்பி மகள் எழுதினாள்.

எழுதி முடித்ததும் கைப்பேசி ஒரு கேள்வி கேட்டது. ஒரு பக்கம் அக்காவின் முகம். மறு பக்கம், அன்று காலை என் வீட்டு வாசலில் எடுத்த தம்பி மகளின் மகள். இருவரும் ஒருவரா, வேறு வேறா என்று கேட்டது. "சொந்தக்காரங்கன்னா இது இப்படித்தான் குழம்பும், அத்தை" என்று அவள் சிரித்தாள். பிள்ளைக்கு இந்த வருடம் ஒன்பது வயது ஆகிறது. கைப்பேசியை அவள் கையிலிருந்து வாங்கி, 'வேறு' என்பதை நானே அழுத்தினேன்.

பிறகு தம்பி மகள் வாசலில் ஸ்டூலின்மேல் அந்தப் பெட்டிக் கேமராவை வைத்துவிட்டு, ஒரு தடவையாவது பாருங்கள் என்று மறுபடி கூப்பிட்டாள். செம்பருத்திச் செடிப் பக்கம் பிள்ளை நின்றிருந்தாள். இந்தத் தடவை குனிந்தேன். அந்தக் கண்ணாடியில் இடமும் வலமும் மாறி விழும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைப்போல் இடப்பக்க வகிடு எடுத்த பிள்ளை, உள்ளே வலப்பக்க வகிட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். அம்மாவின் அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. நாக்கைக் கடித்து அடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"யாரு வந்துட்டா?" என்று கேட்டாள் பிள்ளை. கேட்டுக்கொண்டே திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அசையக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. செம்பருத்திச் செடியையும் வேலியையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "யாருமே இல்லையே" என்றாள்.

கண்ணாடியை விட்டுத் தலையை நிமிர்த்தினேன். பிள்ளையை நேராகப் பார்த்து, "யாரும் இல்லம்மா. இப்போ நீ" என்றேன். தம்பி மகள் விசையை அழுத்தினாள்.

அக்காவின் படத்தைத் திரும்பவும் சுவரில் மாட்டி மாலை போட்டிருக்கிறேன். வாசலில் எடுத்த ஃபிலிமைக் கோலாலம்பூருக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டுமாம், இன்னும் வரவில்லை. வரட்டும், பார்க்கலாம்.