வெட்டி ஒட்டிய தாளம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. எழுபத்து மூன்றாம் வருஷம், காஞ்சிபுரத்தில், தர்மசந்திரன் என்பவனுக்கு நடந்தது. பொய் சொல்லிப் பழகாத ஆள் அவன். மனசறிந்து அவன் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்ன பிறகு வந்ததுதான் இதெல்லாம்.

வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நெல் விளைவிக்கிற ஜைனக் குடும்பம் அவனுடையது. வீட்டில் இவனுக்கு மட்டும் பாட்டுப் பைத்தியம். அக்கார்டியன் கற்றுக்கொண்டு, மனைவி கனகமாலாவோடு பிள்ளையார்பாளையத்தில் தறிவீடுகளுக்கு நடுவே குடியேறி, ஒரு மெல்லிசைக் குழு நடத்தினான். கல்யாணமோ கோயில் விழாவோ, யார் கூப்பிட்டாலும் போவார்கள். மொத்தம் நாலு பேர். பாடுவதற்கு மனோன்மணி. கிட்டாருக்குக் கைலாசம். டோலக் வீராசாமி.

வீராசாமிக்கு ஐம்பது வயசு இருக்கும். செவிலிமேட்டில் வீடு. பகலில் பட்டுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் வேலை. அதனால் அவர் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். குழு ஆரம்பித்தபோது டோலக்குக்கு ஆள் கிடைக்காமல் தர்மசந்திரன் அலைந்தான். "நான் வரேன்பா" என்று தானாக வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.

அவரிடம் ஒரே ஒரு குறை. மனசு குஷியானால் தாளம் ஓடும். மனோன்மணி நன்றாகப் பாடிவிட்டால் போதும், அவர் கை வேகம் பிடித்துவிடும். மற்றவர்கள் பின்னால் மூச்சிரைக்க ஓடவேண்டும். ரேடியோவில் கேட்கிற பாட்டில் தாளம் கடைசிவரை அசையாமல் நிற்கிறதே, நம் பாட்டில் ஏன் நிற்கவில்லை? தர்மசந்திரனுக்கு அதே கவலை.

மைக் செட் போட வந்த ஒருவர்தான் அந்த வித்தையைச் சொன்னார். டோலக்கை டேப் ரிக்கார்டரில் பதிய வேண்டும். நன்றாக விழுந்த துண்டை மட்டும் பிளேடால் வெட்ட வேண்டும். இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டால்... அதே தாளம் திரும்பத் திரும்ப வரும். நாமாக நிறுத்தினால்தான் நிற்கும்.

மெஷின் வாங்க மெட்ராஸ் போனபோது வீராசாமியையே துணைக்கு அழைத்துப் போனான். எதற்கு என்று சொல்லவில்லை.

மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் இரண்டு மெஷின் எடுத்து வைத்தார்கள். ஒன்று புதுசாக வந்த சின்ன கேசட் மெஷின். இன்னொன்று யாரோ வைத்திருந்து விற்ற, டேப் வெளியே தெரியச் சுற்றுகிற பெரிய ஸ்பூல் மெஷின். தூக்கினால் தோள் இறங்கும்.

"சின்னதை எடுத்துக்கபா," என்றார் வீராசாமி. "தூக்கிக்கினு போக வசதியா இருக்குது."

கேசட்டுக்குள் டேப் மூடிக் கிடக்கும். வெட்டி ஒட்ட முடியாது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

"எதுல சத்தம் நல்லா விழுதுன்னு பாக்கலாம்ணே. நீங்க தட்டுங்க."

அவர் கடை மேசையில் தட்டினார். இரண்டிலும் பதிந்து போட்டுக் காட்டினார்கள். கண்ணை மூடிக் கேட்டார்.

"பெருசுலதான்பா என் கை என் கையாட்டம் இருக்குது. சின்னதுல யாரோ தகரம் தட்றான்."

பெரியதையே வாங்கினான். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தது வீராசாமிதான். குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கால் மரத்துப்போய், இறங்கும்போது தடுமாறினார்.

அந்த வாரமே ஒரு மதியம், சாப்பாட்டுக்காகத் தெருவில் தறிகள் நின்ற நேரத்தில், ஜன்னலில் போர்வை கட்டி அவரை வாசிக்க வைத்தான். ஒரு சுற்றுக்கு எட்டு அடி விழுகிற தாளம். அதையே திரும்பத் திரும்ப.

"போதுமாபா?"

"இன்னும் கொஞ்சம்ணே."

வாசித்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

"போதுமா... தம்பி?"

"இன்னும் ஒரே வாட்டி."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர் கிளம்பிப் போனதும் தர்மசந்திரன் பிளேடை எடுத்தான். இருந்ததிலேயே சுத்தமான எட்டு அடியை வெட்டினான். அவர் குரல் விழுந்த துண்டுகள் தரையில் சுருண்டு கிடந்தன. பெருக்கித் தள்ளினான். வளையத்தை ஒட்டி, மெஷினில் ஒரு பக்கமும் ஒரு பித்தளைச் சொம்பின் கழுத்தில் மறுபக்கமுமாக மாட்டி ஓடவிட்டான்.

தும்... தக... தும் தும்... தக...

அசையாத தாளம். அவனுக்குப் புல்லரித்தது.

கனகமாலா சமையலறையிலிருந்து மோரோடு வந்தாள். கையில் இரண்டு டம்ளர்.

"அண்ணன் திரும்பி வந்துட்டாரா?"

"இல்லமா. மெஷின்."

அவள் நின்று தாளத்தைக் கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?"

அவன் சொம்பை நேராக நகர்த்தி வைத்தான்.

"ஓயவே விடாம ஓட்றீங்களே. கேக்கவே பாவமா இருக்குதுங்க."

அந்தப் பொய்யை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துச் சொன்னான். "ஐயம்பேட்டை கல்யாணத்துக்கு நீங்க வரவேணாம்ணே. கார்ல எடம் இல்ல."

வீராசாமி டீயைக் கீழே வைத்தார். "என் கை சரியில்லையாபா?"

"சேச்சே. எடம்தான் இல்ல."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அரக்கு நிறம். பிறகு, "சரிபா. மெஷினை ஜாக்கிரதையா எடுத்துக்கினு போ. குலுங்கினா கெட்டுடும்," என்றார்.

தர்மசந்திரன் இரண்டு டீக்கும் காசு கொடுத்தான்.

ஐயம்பேட்டையில் சாயங்காலம் கச்சேரி. பந்தலில் கூட்டம். முதல் மூன்று பாட்டு நூல் பிடித்த மாதிரி நின்றது. நாலாவது, மனோன்மணிக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. உருகிப் பாடினாள். நடுவில் தர்மசந்திரனுக்கு விரல் தடுமாறியது.

தாளம் ஓடியது.

வளையம் அதே வளையம். ஆனால் வேகம் கூடியது. மனோன்மணியோடு சேர்ந்து, குஷியாக, எகிறி எகிறி ஓடியது... பாட்டு முடிகிற இடத்தில் தானாக இறங்கி நின்றது.

கீழே இறங்கியதும் மனோன்மணி சொன்னாள். "என்னாபா உன் மெஷின்! அண்ணனாட்டம் என் கூடவே ஓடி வருது?"

"கரண்டு ஏறி இறங்குது," என்றான். அவனே அதை நம்பப் பார்த்தான்.

இரண்டு மணி நேரம் அந்த வளையம் ஓடியது. கூட்டம் ஆகா என்றது.

அடுத்து ஒரு கோயில் விழா வந்தது. அதற்காகத் தினமும் சாயங்காலம் வளையத்தை ஓடவிட்டுப் பயிற்சி செய்தான். செவிலிமேட்டுக்குப் போய் வீராசாமியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பான். நாளைக்குப் போகலாம் என்று தினமும் தள்ளிப் போடுவான். அவர் மடியில் அந்தப் பெட்டி இருந்தது கண்ணுக்குள் வரும். அக்கார்டியனை இன்னும் சத்தமாக வாசிப்பான்.

ஒரு நாள் தாளத்துக்கு நடுவே ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

ஹ்ம்ம்...

மூச்சு வாங்குகிற சத்தம்.

மெஷினை நிறுத்தி டேப்பை விரலால் தடவிப் பார்த்தான். மொத்தமே ஒன்றரை முழம். அதில் டோலக்கின் எட்டு அடிதான் இருக்கிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சுவிட இடம் ஏது?

மறுபடி ஓடவிட்டான். சரியாகத்தான் வந்தது. ஆனால் நேரம் ஆக ஆக இடது கை அடி பின்தங்கியது. களைத்தவன் வாசிக்கிற மாதிரி. ஒரு சுற்றில் ஒரு அடி விழவே இல்லை. அடுத்த சுற்றில் அவசர அவசரமாக விழுந்தது. தவறு செய்துவிட்டுத் திட்டுக்குப் பயந்தவன் மாதிரி.

கனகமாலா வாசற்படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்துங்க."

"விழா வருதுமா."

"நிறுத்துங்கன்றேன்."

அன்றைக்கு நிறுத்திவிட்டான். மறுநாள் மறுபடியும் போட்டான். அதுதான் அவனுக்குக் கடைசிவரை ஆறாதது. தெரிந்தே போட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜைன வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வளையம் ஓடிக்கொண்டிருந்தது. தாளம் தள்ளாடியது. மூச்சு இப்போது ஒவ்வொரு சுற்றிலும் கேட்டது.

ஆறே முக்காலுக்குக் கரண்டு போனது.

தெருவே இருண்டது. மெஷினின் சிவப்பு விளக்கு அணைந்தது. மோட்டார் முனகி நின்றது.

தாளம் நிற்கவில்லை.

தும்... தக... தும்...

தர்மசந்திரன் கையை நீட்டி டேப்பைத் தொட்டான். அது அசையவில்லை.

தும்... தும்... தக...

ஸ்பீக்கர் சத்தம் இல்லை அது. தோல் மேல் உள்ளங்கை விழுகிற சத்தம். ஈரமான சத்தம். அறைக்குள்ளேயே... அவன் முழங்காலுக்கு எதிரே... யாரோ உட்கார்ந்து...

சாய வாடை அடித்தது.

அவன் வளையத்தைப் பிடித்து இழுத்தான். அறுந்தது. கையில் சுருண்டது.

தும்... தக...

நிற்கவில்லை.

மூச்சு.

பிறகு அந்தக் குரல். அவன் வெட்டிப் பெருக்கித் தள்ளிய குரல்.

"போதுமா... தம்பி?"

அவன் வாயைத் திறந்தான். போதும் என்று ஒரு சொல். அது வரவில்லை.

தும்... தும்... 

"போதுமா?"

பின்னால் கனகமாலாவின் குரல் கேட்டது. அழுதுகொண்டே சொன்னாள்.

"போதும்ணே. ரொம்ப வாசிச்சிட்டீங்க. போய்ப் படுங்க."

தக...

நின்றது.

விடிய விடிய இருவரும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சைக்கிள் மணி கேட்டது. கைலாசம். இறங்காமலே சொன்னான். "வீராசாமி அண்ணன் போயிட்டாருபா. நேத்து சாயங்காலம்."

செவிலிமேட்டில் அவர் வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே கயிற்றுக்கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி செல்லியம்மாள். அழுது ஓய்ந்த குரலில் அவளாகவே சொன்னாள்.

"ஐயம்பேட்டை கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிச்சுதுபா. வேலை விட்டு வந்து நல்லாத்தான் படுத்தாரு. தூக்கத்துல கை ரெண்டும் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பிச்சுது. எழுப்பினா எழும்பல. ரெண்டு மணி நேரம்பா. விரல் வெடிச்சு ரத்தம் வருது, நிறுத்த மாட்டேங்குறாரு. அப்புறம் தெனமும் சாயங்காலம் இதே கதை. ஊசி போட்டும் நிக்கல. நேத்து என்னால தாங்க முடியல. பட்டறையில மீந்த பட்டு நூலைத் திரிச்சு ரெண்டு கையையும் சேத்துக் கட்டினேன்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"கட்டினதும் கால் தட்ட ஆரம்பிச்சுதுபா."

தர்மசந்திரன் அவர் கால்களைப் பார்த்தான்.

"இருட்டின நேரம் கண்ணைத் தொறந்தாரு. செவுத்தைப் பாத்து 'சரிம்மா'ன்னாரு. அவ்ளோதான். யாருக்குச் சரின்னாரு? வீட்ல பொம்பள நான் ஒருத்திதான். நான் வாயே தொறக்கல."

கனகமாலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தர்மசந்திரன் இப்போதாவது சொல்லிவிடலாம் என்று முன்னால் வந்தான். அதற்குள் செல்லியம்மாள் முந்திக்கொண்டாள்.

"குளிப்பாட்டணும்பா. கட்டு இறுகிக்கினு இருக்குது, யாருக்கும் அவிழல. நீ கொஞ்சம் அவுத்து விடு. உம்மேல அவருக்கு உசிரு."

அவன் கட்டில் பக்கம் மண்டியிட்டான். முகத்தைத் தொட்டான். பனிக்கட்டி மாதிரி இருந்தது. தோளும் அப்படியே. உயிர் போய் ஒரு ராத்திரி முழுக்க ஆகியிருந்தது. பட்டு நூல் முடிச்சை நகத்தால் நெம்பினான். ஒவ்வொரு சுற்றாகப் பிரிந்தது. கடைசிச் சுற்று கழன்றதும் அவர் உள்ளங்கை இரண்டும் விரிந்து அவன் கைமேல் விழுந்தன.

சூடாக இருந்தன.

இப்போதுதான் வாசித்து முடித்த கை மாதிரி, வியர்த்து, கொதித்துக்கொண்டிருந்தன.

கனகமாலாவும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.