இரிதே வாங்கிய பதினெட்டு

இரிதே கல்பியாத்தியை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. டிராம் ஓட்டுநர் சீருடையோடு வகுப்புக்குள் வந்தாள். கையில் பாதி தின்ற ரொட்டி. அதைக் கொண்டுபோய், பியானோவுக்கு மூத்த வாத்தியமான ஹார்ப்சிகார்டின் மூடிமேல் வைக்கப் பார்த்தாள்.

"அங்க வைக்காத. அது என்ன சாப்பாட்டு மேசையா?" என்றேன்.

"இல்லன்னு தெரியும். காலைல ரெண்டு மணி நேரம் உக்காந்து அதுக்குச் சுதி சேத்தவ நான்தான். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான் அதெல்லாம் பண்றதில்ல."

மிலானில் வாய்த்துடுக்கு என்று பெயரெடுத்தவள் நான். எர்சீலியா என்றால் எங்கள் இசைப்பள்ளியில் வாயிற்காவலர் வரைக்கும் ஒதுங்கிப் போவார்கள். என்னையே வாயடைக்க வைத்தவளை விடக் கூடாது என்று, அன்று முதல் அவள் பக்கத்தில் என் செல்லோவோடு, முழங்காலிடையில் நிறுத்தி வாசிக்கிற அந்தப் பெரிய வயலினோடு, உட்கார ஆரம்பித்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது.

எங்கள் வேலை பாடுகிறவருக்குக் கீழே தரை போடுவது. தாளில் கீழ்ச்சுரம் மட்டும் ஒரே வரியாக எழுதியிருக்கும். அதை நான் செல்லோவில் வாசிப்பேன், அவள் இடது கையில் வாசிப்பாள். அவளுடைய வலது கைக்கு எதுவுமே எழுதியிருக்காது. சுரங்களின் தலைமேல் ஆறு, ஏழு, நான்கு என்று எண்கள் மட்டும் இருக்கும். அந்த எண்ணையும் பாடுகிறவரின் மூச்சையும் பார்த்து, மேலே என்ன வேண்டுமோ அதை அவளே அந்த நிமிடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். அடிப்படை வகுப்புகளில் நாலு வருடம் போக, இதில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு.

அவளுடைய ஆசிரியர் மாஸ்ட்ரோ விஸ்மாராவுக்கு முப்பத்தெட்டு. நல்ல கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கைக்கு மேலே இருந்த தலை நல்ல தலை என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்.

"சிஞோரா, டிராம் மணியா அடிக்கறீங்க?" என்பார் வகுப்பு நிறைய ஆள் இருக்கும்போது. "உங்க வலது கைன்னு ஒண்ணு இருக்கறதே கேக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

"டிராம்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் என்னைத் தெரியாது மாஸ்ட்ரோ. பிரேக் போட்டாத்தான் தெரியும். போட வேண்டிய இடத்துல நான் போடுவேன்."

வகுப்பு சிரிக்கும். அவர் காது சிவக்கும். அந்தச் சிவப்பை அவர் மதிப்பெண்ணில் தீர்த்துக்கொள்வார்.

அவள் வீட்டில் ஹார்ப்சிகார்ட் கிடையாது. நாத்தனார் தூக்கிப் போட இருந்த மின்சாரக் கீபோர்டு ஒன்றுதான் இருந்தது. அது இந்தக் காலத்துச் சுதி. எங்கள் பழைய இசைக்கு அதைவிட அரைக்கட்டை குறைவு. பழைய சுதியில் பதிவான பாட்டுகளை ஓடவிட்டுக் கூடவே வாசிக்க வேண்டுமானால், தாளில் இருப்பதையெல்லாம் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிக்க வேண்டும். அவள் தினமும், சமையலறையில், அடுப்பில் பருப்பு சூப் கொதிக்கும்போது அப்படித்தான் வாசித்தாள். இதைக் கேள்விப்பட்ட விஸ்மாரா, "அந்த விளையாட்டுச் சாமானை மொதல்ல வீசுங்க. காதும் கெடும், கையும் கெடும்" என்றார். அவள் வீசவில்லை.

எங்கள் பள்ளியின் விதி மூன்று முறை. மேற்படிப்பின் முதலாண்டுத் தேர்வில் மூன்று முறைக்குள் தேறவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள், ஹார்ப்சிகார்ட் அறையின் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். சாவி போனால் அவளுக்கு அந்த வாத்தியமே போன மாதிரி. முதல் முறை, பாடகி மூச்செடுத்த இடைவெளியில் வலது கையால் நாலு சுரம் சேர்த்தாள் என்று தோற்கடித்தார் விஸ்மாரா. இரண்டாவது முறை, அது ஏன் தப்பு என்று கேட்டதற்காகவே தோற்கடித்தார். என்னைக் கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

மூன்றாவது முறை ஜூன் மாதம், பகல் இரண்டு மணி. வெக்கைக்கு ஜன்னல்களைத் திறந்து போட்டிருந்தார்கள். மேசையில் நடுவில் விஸ்மாரா, பக்கத்தில் மாஸ்ட்ரா ஃபுமகல்லி. இந்த அம்மாள் அதிகம் பேசாதவர், பதிவேடு எழுதுவதற்கென்றே வைத்திருப்பார்கள். பாடுவதற்கு ஸேனோ என்ற பையன், வேர்த்து வழிந்துகொண்டு நின்றான்.

"ரெண்டு நிமிஷம் சுதி பாத்துக்கறோம்" என்றாள் இரிதே.

"செல்லோவுக்கு வெளியிலயே சேத்தாச்சுல்ல? உங்க ஒருத்தருக்காக எல்லாரும் காத்திருக்க முடியாது. ஆரம்பிங்க."

ஆரம்பித்தோம். முதல் சுரத்திலேயே எனக்கு முதுகுத்தண்டு கூசியது. என் செல்லோ ஓரிடம், அவள் ஹார்ப்சிகார்ட் அரைக்கட்டை மேலே. ஸேனோ திறந்த வாயை மூடாமல் நின்றான்.

எனக்கும் அவளுக்கும் உடனே விளங்கிவிட்டது. அந்த ஹார்ப்சிகார்டின் விசைப்பலகை நகரக்கூடியது. வலப்பக்கம் ஒரு விசை அளவு தள்ளினால் இந்தக் காலத்துச் சுதி, இடப்பக்கம் தள்ளினால் பழைய சுதி. நகர்ந்த இடைவெளியில் விரல் நீள மரத்துண்டு ஒன்றைச் செருகுவார்கள். யாரோ வலப்பக்கம் தள்ளியிருந்தார்கள். செருகியிருக்க வேண்டிய மரத்துண்டைக் காணோம்.

"நிறுத்துங்க" என்றார் விஸ்மாரா. "உக்காருமுன்ன வாத்தியத்தைப் பாக்கறது கூடவா தெரியாது? தேர்வுக் குழு உக்காந்தப்புறம் வாத்தியத்துல கை வைக்கக் கூடாது. அடுத்த முறை வாங்க."

"அடுத்த முறைன்னு எனக்கு ஒண்ணு இல்லையே மாஸ்ட்ரோ."

"அது என் தப்பில்ல."

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, "நீ பாட்டுக்கு வாசிடி. நான் எறங்கி வரேன்" என்றாள்.

முதலிலிருந்து தொடங்கினோம். தாளில் இருந்தது ஒன்று, அவள் விரல் போனது அரைக்கட்டை கீழே. கீழ்ச்சுரத்தை இறக்க வேண்டும், தலைமேல் இருக்கும் எண்ணுக்கு வலது கை கட்டுவதையும் இறக்க வேண்டும், ஸேனோ தடுமாறினால் அவனையும் தாங்க வேண்டும். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. சமையலறையில் நிற்கிற முகம்தான். பருப்பு சூப் வாசனைகூட எனக்கு அடித்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

பாடகன் மூச்செடுத்த இடம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கே அடக்கி வாசித்திருப்பார்கள். இவள் அங்கே தன் நாலு சுரத்தையும் சேர்த்தாள், இந்த முறை ஐந்தாக.

கடைசிச் சுரம் என் செல்லோவின் ஆகக் கீழ்த் தந்தி. அதைவிட அரைக்கட்டை கீழே அவள் பலகையில் விசையே கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஒரு ஸ்தாயி மேலே மெல்லத் தொட்டாள், அடியை நான் வாங்கிக்கொண்டேன். என் கண் கலங்கிவிட்டது. கலங்கிவிட்டதே என்ற கோபத்தோடேயே நிமிர்ந்து தேர்வுக் குழுவைப் பார்த்தேன்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. காற்றில் பறக்காமலிருக்க, விஸ்மாரா தன் தாள்களின் மேல் விரல் நீள மரத்துண்டு ஒன்றை வைத்திருந்தார். மதிய இடைவேளையில், இந்தக் காலத்துச் சுதியில் ஊதுகிற ஒரு புல்லாங்குழல்காரனுக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான், வெளியே எங்களுக்கும் கேட்டது. துண்டை எடுத்தார், பலகையைத் தள்ளினார், மறந்தார். அவரும் அந்த நிமிடம்தான் தன் கைக்கடியில் இருப்பதைப் பார்த்தார் போல, கை மெதுவாக அதை மூடப் போனது.

இரிதே முந்திக்கொண்டாள். எழுந்து போய் மரத்துண்டை எடுத்தாள். தாள்கள் ஜன்னல் பக்கம் பறந்தன, ஃபுமகல்லி அம்மாள் எழுந்து பிடிக்கப் போனார். இரிதே திரும்பி வந்து விசைப்பலகையை இடப்பக்கம் தள்ளினாள், வலது ஓரத்தில் துண்டைச் செருகினாள், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டாவது பாட்டு?" என்றாள்.

வாத்தியத்தில் கை வைக்கக் கூடாது என்று இப்போது யாரும் சொல்லவில்லை. இரண்டாவதையும் வாசித்தோம்.

எங்கள் தேர்வில் மொத்தம் முப்பது, தேறப் பதினெட்டு. கொடுத்த மதிப்பெண்ணை மாணவர் ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். மூன்றாவது முறை வேண்டாம் என்றால் தோற்றதாகத்தான் கணக்கு.

"பதினெட்டு" என்றார் விஸ்மாரா தாளைப் பார்த்தபடி. "பெருந்தன்மையாத்தான் குடுக்கறேன்."

"பன்னெண்டு எதுக்குக் கொறஞ்சது?"

"வாத்தியத்தைச் சரிபாக்கலையே."

"ரொம்பச் சரி. பாக்காதது என் தப்புத்தான். அதையே பதிவேட்டுல எழுதுங்க. பலகை அரைக்கட்டை தள்ளியிருந்துது, யாரு தள்ளுனாங்க, துண்டு எங்க இருந்துது, முதல் பாட்டை நான் எப்படி வாசிச்சேன், எல்லாத்தையும் எழுதுங்க. எழுதுனா பதினெட்டுக்குக் கையெழுத்துப் போடறேன்."

"பதிவேட்டுல கதையெல்லாம் எழுதறதில்ல சிஞோரா."

இரிதே சட்டைப்பையிலிருந்து ஹார்ப்சிகார்ட் அறைச் சாவியை எடுத்து, மரத்துண்டு இருந்த இடத்திலேயே, தாள்களின் மேல் வைத்தாள்.

"அப்ப உங்க பதினெட்டு எனக்கு வேண்டாம்."

அடிப்பாவி, ஆறு வருடம், வாங்கிக்கொண்டு போயேன் என்று எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. ஸேனோ செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஸ்மாரா சாவியைப் பார்த்தார், தொடவில்லை.

ஃபுமகல்லி அம்மாள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். விஸ்மாரா ஏதோ சொல்ல வாயெடுக்க, அந்த அம்மாள் தலை நிமிராமலே, "மதியம் எத்தனை மணிக்குத் தள்ளுனீங்க மாஸ்ட்ரோ? ஒண்ணேகாலா, ஒண்ணரையா?" என்று கேட்டார்.

"ஒண்ணேகால்" என்றார் அவர், கேட்குமோ கேட்காதோ என்று.

ஒரு பக்கம் நிறைந்தது. இரிதே ஒவ்வொரு வரியாகப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்கு அவளுக்கு டிராம். நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். என் ஆத்திரம் அடங்கவே இல்லை.

"ஏன்டி, அவன் அவ்வளவு அசிங்கப்பட்டு உக்காந்திருந்தான். முப்பது கேட்டிருந்தாக் குடுத்திருப்பான்டி!"

"குடுத்திருப்பார்" என்றாள் அவள், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "அது அவர் குடுத்ததா இருந்திருக்கும். இந்தப் பதினெட்டு நான் வாங்குனது."