எதிர்த்திசையில் ஒரு சீன யாத்திரை

காலையில் கிரிவலப் பாதையில் எல்லோரும் ஒரு பக்கமாகப் போக, வினோதினி மட்டும் எதிரே வருகிறாள். வெறுங்கால், தோளில் துணிப்பை, வாயில் முணுமுணுப்பு. ஏதோ சுலோகம் என்று காது கொடுத்த காவி வேட்டிக்காரர் ஒருவருக்குக் கேட்டது இதுதான்: "உலக வர்த்தக அமைப்பு... அதுக்கு முன்னாடி கடலோர மண்டலம்... அதுக்கு முன்னாடி..."

"இன்னாம்மா, வழி தப்பிட்டியா?"

"இல்லீங்க சாமி, சீனாவுக்குப் போய்னு இருக்கேன்" என்றாள், நிற்காமல்.

அடி அண்ணாமலைக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக்கடையில் கல்லாவில் உட்காருகிறாள். வெளிநாட்டுக்காரர்கள் அவளிடம் தியானத்தைப் பற்றி விசாரிப்பார்கள். அவளோ அவர்களுடைய தோள்பை எந்த ஊரில் தைத்தது என்று புரட்டிப் பார்ப்பாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்த நாளிலிருந்து ஒரே ஆசை: சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சீனாவின் பொருளாதார வளர்ச்சியை ஆராய்ந்து பட்டம் வாங்க வேண்டும்.

உட்கார்ந்து படித்தால் அவளுக்குத் தூக்கம் வரும். அதனால் நடந்தே படித்தாள். சீன வரலாற்றையே மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கக் கோயில்களில் பரப்பிவைத்துவிட்டாள். இந்திர லிங்கத்தில் மஞ்சு வம்ச மன்னர்கள் கொலுவிருந்தார்கள். அக்னி லிங்கத்தில் அபினிப் போர். எம லிங்கத்தில் பெரும் பஞ்சம். அங்கே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். வருண லிங்கம் வந்தால் கடலோரத் துறைமுகங்கள் திறந்துகொள்ளும். குபேர லிங்கத்தில் உலகத்துக்கே சரக்குப் போகும்.

சென்ற ஆண்டு நேர்முகத் தேர்வில் இதுவே காலை வாரிவிட்டது. "இன்றைய சீனாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள்" என்றார் தேர்வுக் குழுத் தலைவர். பின்னோக்கியா? பிறந்ததிலிருந்து அவள் மலையை வலமாக மட்டுமே சுற்றியவள். கால் திரும்பவில்லை, நாக்கும் திரும்பவில்லை. "சார், முதல்லேருந்து வரட்டுங்களா?" என்று ஆரம்பித்தாள். அபினிப் போர் முடிவதற்குள் அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்துபோயிற்று. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் வழியெல்லாம் அழுதாள்.

மறுவாரமே எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினாள். வீட்டில் பெரிய ரகளை. பாதையோரம் கற்பூரமும் சீனத்துப் பிளாஸ்டிக் பொம்மையும் விற்கும் அவள் அம்மா ரேணுகாம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"சாமி மலைய யாருனா அப்பிரதட்சணமா சுத்துவாங்களாடி? பாவம்டி!"

"சாமி கோச்சுக்காதும்மா. நம்ம கடை பொம்மை எங்கேருந்து வந்துச்சுனு கேட்டுக்கினே திரும்பி நடந்தா, பஞ்சத்துல போய் நிக்குது. இத்தினி நாளு எனக்கே தெரியல."

"பொம்மைக்கு இன்னாடி பஞ்சம்?"

கடைசியில் சமரசம் ஆயிற்று. இடமாக ஒரு சுற்று போனால், பரிகாரமாக வலமாக ஒரு சுற்று போக வேண்டும். பாதம் வெடித்தாலும் வினோதினி இரண்டையும் விடவில்லை.

இந்த ஆண்டும் அதே தலைவர், அதே கேள்வி. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றினாள். அம்மாவின் கடைப் பொம்மையில் தொடங்கினாள்; குபேரனிலிருந்து வாயுவுக்கும் வருணனுக்கும் இறங்கி, எமனிடம் குரலைத் தாழ்த்தினாள். "போதும்மா" என்றார் தலைவர். "இன்னும் ரெண்டு லிங்கம் இருக்குங்க சார்" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சொல்லச் சொன்னார்கள்.

முடிவு வந்தது ஒரு பௌர்ணமி நாளின் மாலையில். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. கல்லாவில் இருந்தபடியே கூவிவிட்டாள். தியானத்துக்கு வந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு, "சீட்டு கெடச்சுடுச்சும்மா! வந்துனே இருக்கேன்!" என்றாள். பௌர்ணமியில் பாதையில் வண்டி விடமாட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வலமாகவே நடந்தாள்.

அடி அண்ணாமலையில் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். ரேணுகாம்பாள் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ரோட்டில் இறங்கினாள். மகள் வரும் பக்கம் பார்த்தாள். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்று, அத்தனை கூட்டத்துக்கும் எதிரே நடக்கத் தொடங்கினாள்.