யாரும் யாரையும் மறைக்காத படம்

“தோளை இறக்குங்க. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. இப்ப மூச்சை இழுத்துப் பிடிங்க… அசையாதீங்க… ம், வாழ்த்துச் சொல்லுங்க.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படி வாழ்த்துச் சொல்வதாம்? எதிரே நிற்பவர் கண்ணை உருட்டிய பிறகுதான் அக்காவுக்கு உறைக்கும். “அட ஆமா, விடுங்க விடுங்க” என்று சிரித்துக்கொண்டே கைப்பேசியை மறுபடி நீட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள், வாய் பழகிப் போய்விட்டது. அதனால் அவள் எடுக்கும் குடும்ப வீடியோக்களில் யாராக இருந்தாலும் முதல் மூன்று நொடி கன்னம் உப்பி, கண் பிதுங்கித்தான் காட்சி தருவார்கள். அந்த மூன்று நொடியை வெட்டி எறிய அவளுக்குத் தெரியும். ஆனால் வெட்ட மாட்டாள். “அதுதாங்க நல்லா இருக்கு” என்பாள்.

தெருவில் அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே அக்கா என்றால் கடைசி வீட்டுக் குழந்தைகூடக் கை காட்டும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் மனிதர்களை ஏற்றி இறக்குவது அவர் கைவேலைதான். இருந்தும் அவரை ‘எக்ஸ்ரே அக்கா வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

படம் எடுப்பதில் அக்கா ரொம்பக் கறார். தரையில் ஒட்டுத்தாள் ஒட்டி, கால் வைக்கும் இடத்தைக் குறிப்பாள். அளவு நாடாவால் தூரம் பார்ப்பாள். கைப்பேசியை ஸ்டூலின் மேல் நிறுத்தி, அது முகத்தின் உயரத்துக்கு வரும்வரை அடியில் புத்தகங்களை அடுக்குவாள். இதெல்லாம் போதாதென்று, எடுத்த படத்தின் மூலையில் வலது பக்கத்தைக் காட்ட ‘R’ என்று ஒரு எழுத்தையும் போட்டுவிடுவாள். கல்யாண வீடியோவில் எதற்கு அது என்று ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள். “எந்தப் பக்கம்னு போடாம நான் இதுவரைக்கும் ஒரு படம்கூட வெளியே விட்டதில்லை” என்றாள். அவர்களும் ஏதோ முக்கியமான விஷயம் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

போன வருஷம் ஒரு லேப்டாப் வாங்கினாள். அதிலேயே வீடியோ வெட்டி ஒட்டுகிற மென்பொருள் ஒன்று இருந்தது. எளிமையானது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. திரையின் அடியில் வரிசை வரிசையாகக் கோடுகள். ஒரு வரிசையில் வீடியோவை வைக்கலாம், அதற்கு மேல் வரிசையில் போட்டோவை வைக்கலாம். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும். முதல் நாள் அக்கா இதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“இது என்ன மாடி வீடு மாதிரிதானே?” என்று கணவர் விளக்கினார். “மேல்மாடியில இருக்கிறவன்தான் கண்ணுக்குத் தெரிவான். கீழ் வீட்டுக்காரன் உள்ள இருப்பான், தெரிய மாட்டான்.”

“ஏன் தெரியக் கூடாது? அவனும் வாடகை குடுக்கிறான்ல?”

அன்றோடு அவர் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டார். அக்காவோ தேடித் தேடி ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். திரையின் ஓரத்தில் ஒரு கோடு, அதில் ஒரு சின்ன உருண்டை. உருண்டையை இடப்பக்கம் நகர்த்தினால் மேலே இருக்கும் படம் மங்கும், அடியில் இருப்பது தெரியும். சரிபாதியில் நிறுத்தினால் இரண்டும் தெரியும். தோலையும் சதையையும் தாண்டி எலும்பைப் பார்த்தே பழகிய பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து அந்த உருண்டை நடுவிலிருந்து நகரவே இல்லை.

முதல் பலி, ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். பிரிவு விழாவில் போட்ட வீடியோவில் நர்ஸம்மா கம்பீரமாக நிற்கிறார், அவர் வயிற்றுக்குள் ஸ்ட்ரெச்சர் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்ஸம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாழ்க்கை பூரா அப்படித்தான்டி இருந்துச்சு எனக்கு” என்று அக்காவைக் கட்டிக்கொண்டார். பாராட்டு அந்த ஒரு வாக்கியம்தான். அதன் பிறகு அக்காவைப் பிடிக்க முடியுமா?

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தவளுக்கு அப்பாவால் ஒரு சோதனை வந்தது. அப்பா ஓய்வு பெற்ற தபால்காரர். எண்பதாவது பிறந்தநாள் நெருங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“சட்டை, செருப்பெல்லாம் வேண்டாம்மா. உன் தம்பியும் தங்கச்சியும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரு படம் போட்டுக் காட்டு. அது போதும்.”

சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

தம்பி பஸ் டிப்போவில் டைம்கீப்பர். தங்கை சலூன் வைத்திருக்கிறாள், ஆண்களுக்கும் பெண்களுக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் அந்தக் கடை திறந்த அன்று, வந்தவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் தம்பி வாயை விட்டான். “பொம்பளை கையில எந்த ஆம்பளை வந்து முடி வெட்டிக்குவான்? மூணு மாசம் தாங்குதா பாப்போம்.” வேடிக்கையாகத்தான் சொன்னான். தங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம். “இனிமே நீங்க இந்தப் படி ஏறாதீங்க” என்றாள். அவன் ஏறவில்லை. அப்பாவைப் பார்க்க அவன் காலையில் வருவான், அவள் மாலையில் வருவாள். கடை அமோகமாக நடக்கிறது. அவன்தான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டு, இறங்கி வர வழி தெரியாமல் திண்டாடுகிறான். அது அக்காவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அக்கா காலையில் தம்பியைப் பிடித்தாள், மாலையில் தங்கையைப் பிடித்தாள். அப்பா வீட்டில் அதே சுவர், அதே நாற்காலி, அதே ஒட்டுத்தாள் குறி, அதே தூரம். தங்கை கொஞ்சம் குள்ளம், அவளுக்கு மட்டும் இரண்டு தலையணை. இருவரும் மூச்சைப் பிடித்துவிட்டு, “அப்பா, பிறந்தநாள் வாழ்த்துகள்” என்றார்கள். இன்னொருவரை எப்போது எடுத்தாய் என்று இருவருமே கேட்கவில்லை.

வம்பு அதற்குப் பிறகுதான். யாரை மேல் வரிசையில் வைப்பது? தம்பியை மேலே வைத்தால், “எப்பவும் அவர்தானே உனக்கு ஒசத்தி” என்பாள் தங்கை. தங்கையை மேலே வைத்தால் தம்பி பேசாமல் எழுந்து போய்விடுவான். இருவரையும் சின்னதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்றார் கணவர். வைத்துப் பார்த்தாள். இரண்டு பெட்டி, நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

“பாகம் பிரிச்ச மாதிரி இருக்குங்க” என்றாள்.

இரண்டு பேரையும் முழுத் திரைக்கு இழுத்தாள், ஒருவர் மேல் ஒருவரை வைத்தாள், உருண்டையை நடுவில் நிறுத்தினாள். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டா ரெண்டு பேரும் உன்கூடவும் பேச்சை நிறுத்திடுவாங்க” என்றார். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அப்பாவின் ஆசை இந்த எண்பதாவது வயதில் சிரிப்பாய்ச் சிரித்துப் போய்விட்டால்? ஆனாலும் உருண்டையை அவள் தொடவில்லை.

பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவருக்கும் ஒரே நேரத்தைச் சொன்னாள். “பதினோரு மணிக்கு. ஒரு தடவைதான் ஓட்டுவேன், அதுக்கு மேல கம்ப்யூட்டர் தாங்காது.” பச்சைப் பொய். டைம்கீப்பர் பத்து ஐம்பத்தெட்டுக்கு வந்தான். தங்கை பதினொன்று அடித்ததும் வந்து, அறையின் அந்த மூலையில் உட்கார்ந்தாள். வெளிச்சம் விழுந்தால் படம் தெரியாது என்று அக்கா ஜன்னல் திரையை இழுத்து, துணி கிளிப் நான்கைப் போட்டு ஒரு கீற்றுகூட வராமல் மூடினாள். டிவியில் படம் ஓடத் தொடங்கியது.

மூலையில் ‘R’. நடுவில் ஒரு முகம். கண்ணின் மேல் கண், மூக்கின் மேல் மூக்கு, ஒரு நூல் பிசகாமல் பொருந்தியிருந்தது. காதில் தொங்கட்டான், மூக்குக்குக் கீழே மீசை. தங்கையின் சுருட்டை முடிக்கு அடியில் தம்பியின் வழுக்கை பளபளத்தது. அந்த முகம் கன்னத்தை உப்பிக்கொண்டு மூன்று நொடி முறைத்தது. பிறகு ஆண் குரலும் பெண் குரலுமாக, “அப்பா, பிறந்தநாள் வாழ்த்துகள்” என்றது.

அக்கா டிவியை விட்டுவிட்டு, இரண்டு மூலையிலும் இருந்த முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். “யாரும்மா இந்தப் பொண்ணு? நம்ம ஜாடையாத்தான் இருக்கு. மீசை மட்டும் எங்கேயோ இடிக்குது.”

தங்கை வாயைப் பொத்தினாள். முடியவில்லை, குபீரென்று வெடித்தது. தம்பி கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தோள் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, நடுவில் மூச்சு திணறி ஒரு விக்கல் வருவதுகூட ஒன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை டிவியைப் பார்த்துக் கேட்டாள். “இந்த மீசையை எவன் வெட்டினான்? இடது பக்கம் மேலே போயிருக்கு.”

தம்பியும் டிவியைப் பார்த்தே பதில் சொன்னான். “பஸ் ஸ்டாண்ட் கடை.”

“அஞ்சு வருஷமாவா?”

“வேற எங்க போறது? படி ஏறாதேன்னு சொல்லிட்டே.”

“நீங்க சொன்னதுக்குத்தானே நான் சொன்னேன்?”

“ஆமா.” அவன் வேட்டி நுனியைத் திருகினான். “நான்தான் ஒளறினேன். மூணு மாசம்னு சொன்னேன். அஞ்சு வருஷம் ஆச்சு. டிப்போவுல பாதிப் பேரு உன் கடையிலதான் வெட்டிக்கிறான். தினமும் அவனுங்க தலையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

தங்கை எழுந்து வந்து, இரண்டு விரலால் அண்ணன் முகத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு கை பையைத் துழாவிச் சீப்பையும் சின்னக் கத்தரியையும் எடுத்தது.

“ஒண்ணுமே தெரியல. இருட்டு” என்றாள்.

படம் இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. அப்பாவின் சைக்கிள், பழைய தபால் பை என்று மூன்று வாரம் ராத்தூக்கம் கெட்டு அவள் கோத்ததெல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். அக்கா எழுந்து போய்க் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜன்னல் திரையை முழுசாக ஒதுக்கிவிட்டாள்.