எத்தனை விரல்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குத் தாண்டிக்குடியில் என் பேரில் ஆறு ஜீப் ஓடுகிறது. படித்தவன் எவனும் என்னை ஏமாற்றியதில்லை. நான்தான் ஒரு டாக்டரை ஏமாற்றியிருக்கிறேன், அதுவும் ஒன்பது வயதில்.

என் தாய்மாமா ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். ஒருநாள் காலை, சக்கரத்தில் துருவேறி இறுகிப்போன போல்ட்டை உளி வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். டிங்கென்று ஒரு சத்தம். மாமா இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். ரத்தம் இல்லை, பெரிய வலியும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. தூசிதான் என்று கசக்கினார். அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாள்.

இரண்டுமே செய்யக் கூடாத காரியம். என் ஷெட்டில் கண்ணாடி மாட்டாமல் சுத்தியல் எடுப்பவன் அப்படியே வீட்டுக்குப் போகலாம். கண்ணில் அடிபட்டால் தேய்க்காதே, அழுத்தாதே, கண்ணில் படாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு உடனே மலையிறங்கு என்று நான் சொல்வதைக் கேட்டு டாக்டர்களே தலையாட்டுகிறார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மாமா என்னைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு, டாக்டரிடம் காட்டத் தானே ஜீப்பை ஓட்டிக் கீழே இறங்கினார். முதல் வளைவிலேயே கேட்டார்.

"மாப்ள, எடதுபக்கம் பள்ளம் எம்புட்டுத் தள்ளி இருக்கு?"

"ஒரு முழம் மாமா."

"ஏலே, வெரசா சொல்லு. கடலையக் கொறிச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு சொல்லாத."

"ஒங்களுக்குத் தெரியலயா மாமா?"

"ஒனக்குத் தெரியுதான்னு பாக்குறேன்."

எதிரே பஸ் வந்தது. ஒதுங்கியபோது ஒரு சக்கரம் மண்ணைச் சரித்தது. கடலைப் பொட்டலம் எப்போது கையைவிட்டுப் போனதோ தெரியாது. மாமா ஜீப்பை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"ஒத்தக்கண்ணன் கையில மொதலாளி ஜீப்பக் குடுப்பாரா? டாக்டர் வெரலக் காட்டிக் கேப்பாரு, தப்பாச் சொன்னா மொதலாளி காதுக்குப் போயிரும். நான் ஒன் கையப் புடிச்சுக்குறேன். எத்தன வெரலோ அத்தன தடவ அமுக்கு. மூச்சு விடக் கூடாது."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"கண்ணுப் பாப்பா ஏன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு? இரும்பு உள்ள போயிருந்தா மதுரைக்குத்தான் போகணும்."

"பொறவியே அப்படித்தாங்க."

"அப்படியா தம்பி?" என்று என்னிடம் திரும்பினார். தலையாட்டினேன்.

மாமாவின் வலது கண்ணை ஓர் அட்டையால் மறைத்து விரல்களைக் காட்டினார். மூன்று. மூன்று தடவை அமுக்கினேன். இரண்டு. பிறகு ஐந்து. என் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. வழுக்கியதையும் மாமா ஒன்றாகக் கணக்கு வைத்துவிடுவாரோ என்று விரல்களை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகவே சொன்னார். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "மங்கலாத் தெரிஞ்சா அன்னிக்கே வரணும், சொல்லிட்டேன்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மதுரையில் அந்தக் கண்ணை எடுத்தார்கள். உள்ளே நெல்முனை அளவு இரும்பு. முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். ஜீப்பும் போனது.

ஆனால் டாக்டரிடமிருந்து திரும்பிய அந்தப் பகலில் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கணக்குகூடத் தப்பவில்லையே! பாதி மலையில் மாமா வண்டியை நிறுத்தினார். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பாக்குறீங்க?"

"மழ மூட்டமா கெடக்கேன்னு பாக்குறேன் மாப்ள."

மலை முழுக்க வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மாமா கேலி பண்ணுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன்.