பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மாமன் மச்சான்

துண்டை உதறிக் கழுத்தில் கட்டுவதற்கு முன் ரெங்கசாமி ஆளுக்கோர் உறவுமுறை வைத்துவிடுவார். "உக்காருங்க பெரியப்பா." "தலையச் சாய்ங்க மச்சான்." ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே, மரத்தடியில், ஒரு நாற்காலியும் ஆணியில் ஒரு கண்ணாடியுமாக நடக்கும் சவரக்கடை அது. சீனத் தச்சர் ஆ லோக் அங்கே மச்சான். சவரமே செய்துகொள்ளாமல் நிழலுக்கு மட்டும் ஒதுங்கும் சீக்கியக் காவலாளிகூடச் சித்தப்பா. எனக்குச் சகலை என்ற பதவி கிடைத்தது. என் மனைவி வீட்டுக்கு ஒரே பெண் என்பதை நான் சொல்லவில்லை.

இத்தனை சொந்தமும் நான்கு மாதத்தில் சேர்த்தது. கடையில் விற்கும் சரக்குக்கு வாங்குவது போதாதென்று, கூலிக்குச் செய்யும் வேலைக்கும் ஆண்டுக்கு ஆறு வெள்ளி வரி என்று நகர நிர்வாக போர்டு நோட்டீஸ் ஒட்டியது. சலவைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டார். ரெங்கசாமி நோட்டீஸை மூன்று பேரை விட்டு வாசிக்கச் சொன்னார். மூன்றாமவர் வாசிக்கும்போதுதான் கடைசி வரி காதில் விழுந்தது: உறவினருக்குச் செய்யும் வேலைக்கு வரி இல்லை.

அன்றோடு கூலி ஒழிந்தது. தகர டப்பாவில் விழும் பத்துக் காசுக்குப் பெயர் மொய். "புள்ளைக்கு முடி எறக்குனா மொய் வைக்கிறோமில்ல? அதேதான்லா. புள்ளைக்குக் கொஞ்சம் வயசாயிருச்சு, அவ்வளவுதான்."

ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி வேலாயுதம் பிள்ளை வரியின் கட்சி. "கத்திரிக்கா விக்கிறவன் வரி கட்டுறான். நீ மட்டும் ஓசியில ரோட்டுல நிப்பியா?" என்பார், நுரைக்குள்ளிருந்து.

"கத்திரிக்காயத் தராசுல வைக்கலாம் மாமா. என் கைய எதுல வைப்பாங்க?"

இரண்டு பேச்சுமே எனக்கு நியாயமாகத்தான் பட்டன. கத்தி வைத்திருப்பவர் பேச்சு ஓர் இழை கூடுதலாக. பிள்ளைக்கோ கத்தியைவிட அந்த 'மாமா' எரிந்தது. அவருக்குக் கல்யாணமாகாத பெண்கள் மூவர். ரெங்கசாமியும் இன்னும் தனி ஆள்.

போன திங்கட்கிழமை காலை எட்டரை மணி. பிள்ளையின் வலக் கன்னம் முடிந்து இடக் கன்னத்துக்குக் கத்தி மாறும் நேரத்தில், போர்டு இன்ஸ்பெக்டர் பேசில் சைக்கிளிலிருந்து இறங்கினார். பின்னால் ஒரு லோரி. வரி கட்டி வாங்கிய லைசென்ஸ் இல்லாவிட்டால் நாற்காலியும் கண்ணாடியும் அதில் ஏறும்.

"எல்லாரும் சொந்தமாமே?" என்றார் பேசில்.

"மச்சான்லா!" என்று ஆ லோக் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

பேசில் நாற்காலியைப் பார்த்தார். "நீங்க என்ன முறை, கிராணி ஐயா?"

பிள்ளை துள்ளி நிமிர்ந்தார். "முறையா? நான் யாரு, இவன் யாரு! இவன் எனக்குக் கூலிக்குச் செரைக்கிறவன். எழுதிக்குங்க!"

பேசில் பென்சிலை நாக்கில் நனைத்தார். லோரி ஆட்கள் இருவர் நாற்காலியின் கைகளைப் பிடித்தார்கள். ரெங்கசாமி கத்தியை மடக்கினார், பிள்ளையின் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். "எந்திரிங்க சார்."

"ஏய், இந்தப் பக்கம்?"

"வேத்தாளுக்கு லைசென்ஸ் இல்லாம சவரம் பண்ணுனா குத்தம்ங்க. நாளைக்கு எடுத்துட்டு வந்து பண்ணி விடுறேன்."

ஒன்பது மணிக்குத் துரை ஆபீஸில் இருப்பார். கண்ணாடியில் பாதி முகம் கிராணியாகவும் பாதி முகம் கரடியாகவும் இருந்தது. பிள்ளை அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்ஸ்பெக்டருக்குக் கேக்கலீங்க," என்றார் ரெங்கசாமி.

"சீக்கிரம் ஆவட்டும்... மாப்ளே."

சீக்கியர் தாடியைத் தடவிக்கொண்டார். பேசில் ஒரு கணம் யோசித்தார். எழுதியதைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டு, லோரி ஆட்களுக்குக் கையசைத்தார்.

ரெங்கசாமி துண்டை மறுபடி உதறி, முன்பைவிட மெதுவாகக் கட்டினார். கிண்ணத்தில் புதுச் சவக்காரம் குழைத்து, இடக் கன்னத்துக்கு நுரை பூசினார். பிறகு, ஏற்கெனவே மழித்து முடித்த வலக் கன்னத்துக்கும் பூசினார்.